கொடுத்தல் என்னும் வினை

ஆங்கிலத்தின் 'கிவ்' என்னும் வினைக்குப் பொருள் என்ன என்று முகையூர்ப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் 'கொடு' என்று உடனே விடை வரும். பெய்சிங்கில் அதே அகவைப் பிள்ளையைக் கேட்டால் 'கெய்' என்று வரும். இரண்டும் சரி, அகரமுதலியும் அவற்றையே சொல்லும். ஆயினும் அதே சொல்லை வைத்து ஆங்கிலத்தில் ஒரு தொடர் அமைக்கச் சொன்னால் இருவரும் வெவ்வேறு இடத்தில் இடறுகின்றனர். நம் பிள்ளை 'கிவ் டு மீ த புக்' என்கிறது. சீனப் பிள்ளை 'யெசுடர்டே ஹி கிவ் மீ எ புக்' என்கிறது. முதலாவதில் சொல் நிற்கும் இடம் பிழை. இரண்டாவதில் காலம் பிழை. 'கேவ்' என வரவேண்டிய இடத்தில் 'கிவ்' அப்படியே நிற்கிறது. பொருள் தெரிந்த பின்னும் பிழை ஏன் வருகிறது?

கொடுத்தலுக்கு மூன்று பங்குகள் வேண்டும். ஓடுதலுக்கு ஓடுபவர் ஒருவர் போதும். உடைத்தலுக்கு உடைப்பவரும் உடைபடும் பொருளும் போதும். கொடுத்தலிலோ கொடுப்பவர், பெறுபவர், கைமாறும் பொருள் என மூன்றும் கூடினால்தான் செயல் நிறைவுறும். இம்முக்கூறு அமைப்பை மனித மனம் பேச்சு வருமுன்னரே அறிந்துகொள்கிறது போலும். தாத்தோனே, செராச்சி, சிப்ரா ஆகிய மூவர் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 12 மாதக் குழந்தைகளுக்கு எளிய அசைபடங்கள் காட்டப்பட்டன. ஒன்றில் ஓர் உருவம் மற்றொன்றுக்குப் பொருளைக் கொடுத்தது. இன்னொன்றில் மற்றொன்றிடமிருந்து எடுத்தது. அசைவளவில் இரண்டும் ஒத்திருந்தன. இருந்தும் குழந்தைகள் இரண்டையும் பிரித்தறிந்தன. கொடுத்தலை மட்டும் இருவர்க்கிடையே நிகழும் உறவுச் செயலாகக் கொண்டன. ஆகவே முகையூர்க் குழந்தைக்கும் பெய்சிங் குழந்தைக்கும் கொடுத்தல் என்னும் கருத்து ஒன்றே. அக்கருத்தைச் சொல்லில் ஏற்றும் முறைதான் மொழிக்கு மொழி மாறுகிறது.

மூன்று பங்குகளில் மொழிக்குத் தலைவலி தருவது பெறுபவரின் பங்கே. 'முருகன் வள்ளி நூல் கொடுத்தான்' என்றால் ஒன்றும் விளங்காது. யார் பெற்றார் என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். தமிழ் அதற்குக் 'கு' என்னும் உருபை வைத்திருக்கிறது. பவணந்தியார் நன்னூலில் நான்காம் வேற்றுமைக்குரிய பொருள்களை அடுக்கும்போது கொடையை முதலில் வைத்தார். பகையும் நட்பும் முறையும் அதன் பின்னரே வருகின்றன. இலத்தீன் இலக்கணிகளும் அவ்வேற்றுமைக்குக் கொடுத்தலைக் குறிக்கும் தம் வினையிலிருந்தே பெயர் அமைத்தனர். தொடர்பில்லாத இரு மரபுகள் ஒரே எண்ணத்துக்கு வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. உருபு இருப்பதால் தமிழில் சொற்கள் இடம் மாறி உலவலாம். 'வள்ளிக்கு முருகன் நூலைக் கொடுத்தான்', 'நூலை முருகன் வள்ளிக்குக் கொடுத்தான்': எப்படிப் புரட்டினாலும் பெற்றவள் வள்ளியே.

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இவ்வுரிமை இருந்தது. பழைய ஆங்கிலத்தில் நான்காம் வேற்றுமைக்குத் தனி ஈறுகள் இருந்தன. நாளடைவில் அவை தேய்ந்து மறைந்தன. வினையும் மாறியது. இன்றைய 'கிவ்' என்பதன் முதலொலி முற்காலத்தில் யகரம் போல ஒலித்தது. அதைக் ககரமாக்கியது இங்கிலாந்தில் வந்து குடியேறிய வடபுலத்தாரின் பேச்சு என்பது ஒலி வரலாற்றார் முடிபு. கொடுத்தலைக் குறிக்கும் சொல்லிலேயே முதலொலி வாங்கப்பட்டதாயிற்று! ஈறுகள் போன பின் பெறுபவரை அடையாளம் காட்டும் வேலையைச் சொல்லின் இருப்பிடம் ஏற்றுக்கொண்டது. வினையை ஒட்டிப் பெறுபவர், அடுத்துப் பொருள். இடத்தை மாற்றிப் பொருளை முன்னே வைத்தால் பெறுபவருக்கு முன் 'டு' என்னும் சொல் வரவேண்டும். இரண்டையும் கலத்தல் ஆகாது. நம் பிள்ளை கலக்கிறது. 'எனக்கு' என்பதிலுள்ள 'கு'வைக் கைவிட மனமில்லாமல் அதற்கு ஈடாக 'டு' வைத்து, ஆனால் வினையை ஒட்டிய இடத்திலேயே அதை நிறுத்துகிறது. பிழைதான், எனினும் அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தமிழ் உருபு ஆங்கில உடை உடுத்தி வந்து நிற்கிறது.

சீனத்தின் வழி மூன்றாவது. அங்கே உருபும் இல்லை. காலம் காட்டும் இடைநிலையும் இல்லை. 'வோ கெய் தா யி பென் சூ' என்றால் நான், கொடு, அவன், ஒன்று, நூலை எண்ணும் அளவைச்சொல், நூல் என்று சொற்கள் வரிசையில் நிற்கும். வரிசை ஆங்கிலத்தை ஒத்ததே. அதனால்தான் சீனப் பிள்ளைக்குக் 'கிவ் மீ' என்பது வழுவாமல் வருகிறது. ஆனால் நேற்றுக் கொடுத்தாலும் நாளை கொடுத்தாலும் 'கெய்' உருமாறாது. நிகழ்ந்து முடிந்ததைக் காட்டப் பின்னே ஓர் இடைச்சொல் சேரும். வினையின் உடல் அசையாது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்க்குக் 'கிவ், கேவ், கிவன்' என்று உள்ளுயிரே திரிவது வியப்பாகத்தான் இருக்கும். நமக்கோ 'தருகிறேன், தந்தேன்' என்று பகுதி திரிவது பழகிப்போன ஒன்று. காலத்தில் நம் பிள்ளைகள் இடறுவது குறைவு.

'கெய்' வேறொரு வகையிலும் தொல்லை தருகிறது. அது வினையாக மட்டும் நிற்பதில்லை. 'அவனுக்குத் தொலைபேசி செய்' என்பதிலுள்ள 'கு'வின் வேலையையும் அதுவே பார்க்கிறது. 'அவளுக்காக வாங்கு' என்பதிலுள்ள 'ஆக'வின் வேலையையும் பார்க்கிறது. குவளை அவனால் உடைபட்டது என்னும்போது 'ஆல்' நிற்கவேண்டிய இடத்திலும் வந்து நிற்கக்கூடும். கொடுத்தல் வினை இவ்வாறு கரைந்து இடைச்சொல்லாவது பல மொழிகளில் காணும் போக்கு. சான் நியூமன் 1996இல் இவ்வொரு வினையைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதினார். 'எழுதிக் கொடு', 'தூக்கிக் கொடு' என்று நாம் சொல்லும்போது பொருள் எதுவும் கைமாறுவதில்லை; உதவிதான் கைமாறுகிறது. செருமானியர் 'உண்டு' என்பதற்கே 'அது கொடுக்கிறது' என்று சொல்வர். பப்புவா நியூகினியின் அமெலே மொழியிலோ கொடுத்தலுக்கு வினைப்பகுதியே கிடையாது. யார், யாருக்கு என்னும் ஈறுகள் மட்டும் பகுதியின்றி நின்று அப்பொருளைத் தருகின்றன. கொடுத்தல் அந்த அளவுக்கு மனத்தில் ஊறிய செயல், சொல்லாமலே விளங்கும்.

ஆங்கிலத்தின் இடமுறைக்கு வருவோம். அதில் இன்னொரு குழி இருக்கிறது. 'கிவ் மீ' சரி, 'டெல் மீ' சரி, 'சோ மீ' சரி என்று கற்றவர் 'எக்சுப்ளெயின் மீ' என்பதும் சரியென்று எண்ணுவார். 'எனக்குச் சொல்', 'எனக்குக் காட்டு', 'எனக்கு விளக்கு' என்று தமிழில் மூன்றும் ஒரே வாய்பாடுதானே. சீனரும் இக்குழியில் விழுவதுண்டு. ஆங்கிலத்தின் பழஞ்செருமானிய வேரிலிருந்து வந்த குறுஞ்சொற்கள் பெறுபவரை ஒட்டி நிறுத்த இடம் கொடுக்கும். 'டொனேட்', 'எக்சுப்ளெயின்' போல இலத்தீன் வழி வந்த நெடுஞ்சொற்கள் பெரும்பாலும் கொடா. 'டு' வேண்டும் என்று அடம் பிடிக்கும். 'ஆபர்' போல இலத்தீன் வழி வந்தும் இடம் கொடுக்கும் சொற்கள் சில உண்டு. இதை எந்த ஆங்கிலேயத் தாயும் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. சொல்லின் பிறப்பைக் குழந்தை அறிவதுமில்லை. பின் எப்படிப் பிழையின்றிப் பேசுகிறது? இவ்வினாவை மையமாக வைத்து சுடீவன் பிங்கர் 1989இல் ஒரு நூல் எழுதினார். சொல்லின் நீளமும் அழுத்தம் விழும் இடமும் குழந்தைக்கு அடையாளமாகின்றன என்பது அவர் தந்த விடையின் ஒரு பகுதி. வகுப்பறையில் நெட்டுருப் போடும் பிள்ளைக்கு அந்த ஓசைப் பழக்கம் கிடைப்பதில்லை. அதனால் ஆசிரியர் இவ்வேறுபாட்டை எடுத்துக் காட்டித்தான் ஆகவேண்டும் என்பது என் எண்ணம்.

இனி நம் மண்ணின் பக்கம் திரும்பலாம். முகையூர், விழுப்புரத்துக்கும் திருக்கோவலூருக்கும் இடைப்பட்ட நாட்டுப்புறம். திருக்கோவலூரைத் தலைநகராகக் கொண்டு பெண்ணையாற்றங்கரையை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். தகுதி அறிந்து வழங்கும்படி கபிலர் அவனுக்கு அறிவுறுத்திய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. பாரியின் மகளை மலையர்க்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியைத் திருக்கோவலூர் வீரட்டானத்திலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு சொல்கிறது. பெண் கொடுத்தலும் பொருள் கொடுத்தலும் ஒரே வினையால் சுட்டப்படுவதை இந்நாட்டார் இன்றும் 'பொண்ணு குடுத்த எடம்' என்னும் வழக்கில் காக்கின்றனர்.

இக்கொடை நாட்டின் மொழிக்குக் கொடுத்தலை நுணுகி ஆராய்ந்த இலக்கணம் உண்டு. ஆங்கிலமும் சீனமும் பெறுபவரின் அடையாளத்தை வினைக்கு வெளியே வைக்கின்றன. தொல்காப்பியமோ பெறுபவர் யார் என்பதற்கேற்ப வினையையே மாற்றச் சொல்கிறது. கிளவியாக்கத்தில் செல், வா, தா, கொடு என்னும் நான்கு வினைகளை எடுத்துக்கொள்ளும் ஆசிரியர், வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று பிரிக்கிறார். எனக்கும் உனக்கும் 'தா', அவனுக்குக் 'கொடு'. எச்சவியலில் இன்னொரு பிரிவு வருகிறது: இரக்கும்போது தாழ்ந்தவன் 'ஈ' என்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. 'கொடு' படர்க்கைக்கு உரியதாயின், உயர்ந்தவன் தனக்காகக் கேட்கும்போது அதை எப்படிச் சொல்லலாம்? தன்னைப் பிறன் போலக் கருதிச் சொல்லும் குறிப்பினால் அது தன்னிடத்தும் வரும் என்று ஆசிரியர் அதற்கும் வழி செய்கிறார். விதியைச் சொல்லி, அவ்விதிக்கு மாறான வழக்கையும் மறைக்காமல் எடுத்து, அதன் பின்னாலுள்ள மனநிலையையும் விளக்கும் இம்முறையை இன்றைய மொழியியலார் எவரும் மெச்சுவர்.

இந்நூற்பாக்கள் ஏட்டில் மட்டும் இருப்பவை என்று நினைப்பவர் முகையூர்ப் பக்கத்துக் கடை முன் சற்று நின்று பேச்சைக் கேட்கலாம். வேர்க்கடலைக்கு இங்கே மல்லாட்டை என்று பெயர்.

"அண்ணா, ரெண்டு படி மல்லாட்ட குடுங்க."

"இப்ப இல்லம்மா. சாயங்காலம் தரேன். இருந்தத எல்லாம் வண்டிக்காரருக்குக் குடுத்துட்டேன்."

முன்னிலையாகிய அவளுக்குத் 'தரேன்'. படர்க்கையாகிய வண்டிக்காரருக்குக் 'குடுத்துட்டேன்'. கடைக்காரர் தொல்காப்பியம் கற்றவராக இருக்கவேண்டியதில்லை. பேச்சு அவருக்காக அவ்விதியைக் காத்து வைத்திருக்கிறது. முழுமையாகக் காத்தது என்று சொல்ல முடியாது. 'உனக்குக் குடுக்கறேன்' என்பதும் இப்பக்கத்தில் இயல்பே. ஏவலில் 'குடு' எல்லா இடத்தும் பரவிவிட்டது. அப்பெண் தனக்குக் கேட்கிறாள், 'குடுங்க' என்கிறாள். அவள் உயர்ந்தவளாகத் தன்னைக் கருதிக்கொண்டாளா? இல்லை; உயர்வு தாழ்வு காட்டும் பொறுப்பு வினையின் பகுதியை விட்டு விலகி, 'ங்க' என்னும் ஈற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஈ, தா, கொடு என்று மூன்று சொல் சுமந்ததை இன்று ஓர் ஈறு சுமக்கிறது. 'ஈ' பேச்சில் வினையாக வழங்குவது ஓய்ந்துவிட்டது. ஈகை, ஈவு என்னும் பெயர்களிலும், ஈவிரக்கம் இல்லாதவன் என்னும் வசையிலும் அது தங்கியிருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டினால் இவ்விதி இன்னும் கட்டுக் குலையாமல் இருக்கிறது. மலையாளத்தில் எனக்கும் உனக்கும் 'தருக', அவனுக்குக் 'கொடுக்குக'. எனக்குக் 'கொடு' என்று மலையாளத்தில் கேட்டால் வேற்றூரார் என்று தெரிந்துவிடும். பெறுபவரின் இடம் நோக்கி வினையே மாறும் இவ்வியல்பைப் பெர்னார்டு காம்ரி 2003இல் வெளிவந்த கட்டுரையில் பல மொழிகளைக் கொண்டு ஆராய்ந்தார். மலையாளம் அவர் காட்டும் மொழிகளுள் ஒன்று. சப்பானியம் இதற்கு அணுக்கமான வேறொரு வழியில் செல்கிறது: பேசுபவர் பக்கம் வரும் கொடைக்கு ஒரு வினை, பிறர் பக்கம் செல்லும் கொடைக்கு மற்றொன்று, பணிவுக்கும் உயர்வுக்கும் மேலும் தனித்தனி வினைகள். கிளவியாக்க விதியும் எச்சவியல் விதியும் அங்கே ஒன்றாகக் கலந்து வாழ்கின்றன எனலாம்.

இதுவரை கண்டது கொடுத்தலின் எலும்புக்கூடு. மாணவரை உண்மையில் வாட்டுவது அவ்வினையோடு சேரும் பெயர்கள். தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழர் தேர்வு எழுதுகின்றனர். இந்தி பேசுவோர் தேர்வைக் 'கொடுக்கின்றனர்'. சீனர் தேர்வில் கலந்துகொள்கின்றனர். ஆங்கிலேயர் தேர்வை 'எடுக்கின்றனர்' அல்லது தேர்வுக்கு 'அமர்கின்றனர்'. தில்லி மாணவர் 'நான் தேர்வு கொடுத்தேன்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் இலண்டன்காரர் அவரை ஆசிரியர் என்று நினைத்துக்கொள்வார். அவர் மொழியில் தேர்வைக் கொடுப்பவர் ஆசிரியரே. இவற்றுள் எது இயல்பானது என்று கேட்பதில் பொருளில்லை. தாளில் எழுதுவதைத் தமிழ் பார்த்தது, விடைத்தாளை ஒப்படைப்பதை இந்தி பார்த்தது; அவ்வளவே.

நாம் சோறு போடுகிறோம், தண்ணீர் கொடுக்கிறோம், பிச்சை போடுகிறோம், பேட்டி கொடுக்கிறோம், மனு கொடுக்கிறோம், வாக்கையும் வாக்குறுதியையும் வேறு வேறாக நடத்துகிறோம்: தேர்தலில் வாக்குப் போடுவோம், நண்பனுக்கு வாக்குக் கொடுப்போம். இவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் 'கிவ்' வருமா என்று ஒவ்வொன்றாய்த்தான் பார்க்கவேண்டும். மனுவுக்கு வராது, பேட்டிக்கு வரும். ஒத்தவை போலத் தோன்றி ஏமாற்றுவனவும் உண்டு. 'கிவ் அண்டு டேக்' என்பதைக் கொடுக்கல் வாங்கல் என்று மொழிபெயர்ப்பவர் ஏமாறுவார். நம் கொடுக்கல் வாங்கல் பணத் தொடர்பு. பெரும்பாலும் வழக்கில் முடிவது. ஆங்கிலேயர் சொல்வது விட்டுக்கொடுத்துப் போவதை. 'கொடுத்து வைத்தவன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் எவருக்கும் ஒன்றும் புரியாது. முற்பிறவியில் கொடுத்து, அதன் பயனை இப்பிறவிக்கு வைத்தவன் என்னும் நம்பிக்கை முழுவதும் அதற்குள் மடங்கிக் கிடக்கிறது. ஆனால் 'கிவ் அவே' என்பதற்கு இரண்டகப் பொருள் உண்டு என்று கேட்டதும் தமிழர் வியப்பதில்லை. காட்டிக் கொடுத்தல் நம்மிடமும் இருக்கிறதே.

'கிவ் அப்', 'கிவ் இன்', 'கிவ் வே' என்று வினையும் சிறுசொல்லும் சேர்ந்து புதுப்பொருள் தரும் கூட்டுகள் சீன மாணவர்க்குத் தனித் தொல்லை. லியாவோ, புக்குயா இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இடைநிலை மாணவர் இக்கூட்டுகளைத் தவிர்த்து, அதே பொருள் தரும் ஒற்றைச் சொல்லை நாடினர். மேல்நிலை மாணவரிடம் அத்தவிர்ப்புக் குறைந்திருந்தது. பிழையாகப் பேசுவதை ஆசிரியர் கண்டுபிடிக்கலாம். தவிர்ப்பதைக் கண்டுபிடிப்பது அரிது. விடைத்தாள் மாசற்று இருக்கும், மொழி மட்டும் வளராது. விட்டுக்கொடு, காட்டிக்கொடு, சொல்லிக்கொடு என்று எச்சத்தோடு கொடுத்தலைக் கூட்டிப் புதுப்பொருள் ஆக்கிப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே ஓர் ஏந்து இருக்கிறது. நம் பாடநூல்கள் அதைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

வினையைப் பொருளால் மட்டும் கற்பிக்க முடியாது என்பதைக் கண்டுகொண்டு அகரமுதலி செய்தவருள் ஒருவர் ஏ. எசு. ஆர்ன்பி. சப்பானில் ஆங்கிலம் கற்பித்த அவர், அங்குள்ள மாணவர் படும் பாட்டைப் பார்த்து, ஒவ்வொரு வினையும் எந்தெந்தத் தொடர் வாய்பாட்டில் வரும் என்பதைக் குறியிட்டுக் காட்டினார். அவர் அகரமுதலி 1942இல் தோக்கியோவில் வெளிவந்தது. ஆக்சுபோர்டு 1948இல் அதைத் தன் வெளியீடாக்கியது. தமிழுக்கு அதையொத்த முயற்சி 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. கொடு என்னும் சொல்லுக்கு எதிரே ஒற்றைப் பொருள் எழுதிவிட்டு நகராமல், அது துணைவினையாக நிற்கும் இடங்களையும் எடுத்துக்காட்டுத் தொடர்களோடு தந்த நூல் அது. பள்ளி நூலகத்தில் அது கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிக் கிடந்தால் பயனில்லை.

சீனத்தில் 2001 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 1968 முதல் தமிழும் ஆங்கிலமும் என்னும் இருமொழிக் கொள்கை நடக்கிறது. இரு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே ஆங்கில வினையை எதிர்த்திசைகளிலிருந்து அணுகுகின்றனர் என்பது பேசப்பட்டதுண்டு. சீனர் தமிழ் வினையை அணுகிய வரலாறு அவ்வளவாகப் பேசப்படவில்லை. பெய்சிங்கிலிருந்து சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963இல் தொடங்கியது. கலைமகள் போன்ற தமிழ்ப்பெயர் பூண்ட சீன அறிவிப்பாளர்கள் அதில் தமிழில் பேசினர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்தெல்லாம் நேயர் மடல்கள் அங்கே சென்றன. 'கெய்' என்னும் ஒற்றை வினையோடு வளர்ந்தவர்க்கு நேயரை நோக்கித் 'தருகிறோம்' என்பதா 'கொடுக்கிறோம்' என்பதா என்று முடிவு செய்ய வேண்டிய நிலை அன்றாடம் வந்திருக்கும். நேயர் முன்னிலையார், கிளவியாக்கத்தின்படி 'நிகழ்ச்சியைத் தருகிறோம்' என்பதே முறை. 'நிகழ்ச்சி கொடுக்கிறோம்' என்று ஒலித்திருந்தால் பொருள் சிதைந்திராது. ஆனால் வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்திருந்தவர், இந்நிகழ்ச்சி வேறு யாருக்கோ என்று ஒரு நொடி எண்ணியிருக்கக்கூடும்.